நீலகிரி பழங்குடி மக்களோட பாட்டு, மொழி, பழைய பதிவுகள்: பெங்களூர்ல அடிக்கடி கேட்கிற கேள்விகள்

பெங்களூர்ல நூலகத்துல கேட்டலாக் வேலை பார்க்கிறேன். நீலகிரி பழங்குடி மக்களைப் பத்தின புத்தகம், டேப், போட்டோ எல்லாம் எந்தெந்த ஊர்ல, யார்கிட்ட இருக்குன்னு தேடிக் குறிச்சு வைக்கிறது என்னோட ரொம்ப நாள் ஆர்வம். இங்க நம்ம ஆளுங்க லாங் வீக்கெண்ட்னா ஊட்டிக்குத்தான் கிளம்புறாங்க, அதனால அல்சூர் தமிழ்ச் சங்கத்துல சந்திச்சாலும் சரி, ஆபீஸ் கேன்டீன்ல உட்கார்ந்தாலும் சரி, பேச்சு அங்க வந்து நின்னதும் ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் வருது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாட்ஸ்ஆப்ல டைப் பண்றதுக்கு பதிலா மொத்தமா எழுதி வச்சிருக்கேன். கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன்.

ஊட்டி ட்ரைபல்ஸ்னா தோடர்தானே? வேற யாரும் இருக்காங்களா?

தோடர் மட்டும் இல்லங்க. தமிழ்நாட்டுல அரசு பட்டியல்ல 37 பழங்குடிகள் இருக்காங்க, அதுல ஆறு சமூகங்களை குறிப்பா பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகள்னு தனியா வகைப்படுத்தியிருக்காங்க: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். இந்த ஆறு பேருமே நீலகிரியில இருக்காங்க. தோடர் மேல் சமவெளியில எருமை வளர்க்கிறவங்க, மொத்தமே சுமார் 2000 பேர்தான். கோத்தர் ஏழு ஊர்ல இருக்காங்க, கொல்லு வேலை, பானை, இசை எல்லாம் அவங்க கையில. குறும்பரும் இருளரும் பெரும்பாலும் மலைச் சரிவுல, பணியரும் காட்டுநாயக்கரும் அதிகமா கூடலூர், பந்தலூர் பக்கம்.

ஒவ்வொருத்தருக்கும் தனி மொழி, தனி சாமி, தனி வழக்கம். "ஊட்டி ட்ரைபல்"னு ஒரே டப்பாவுல போட்டா தேட ஆரம்பிக்கும்போதே வழி தவறிடும்.

அவங்க மொழிக்கு எழுத்தே கிடையாதே, அப்புறம் லைப்ரரியில என்னதான் வைப்பாங்க?

இதைத்தான் எல்லாரும் முதல்ல கேட்பாங்க. எழுத்து இல்லாட்டியும் இலக்கியம் இருக்கு, வரலாறு இருக்கு. தோடர் பாட்டை எடுத்துக்கோங்க. எந்த விஷயத்தைப் பாடினாலும் அதுக்குன்னு காலங்காலமா வர்ற தொடர்கள் உண்டு, ஒவ்வொரு தொடரும் தனியா வரக்கூடாது, அதுக்கு ஜோடியான இன்னொரு தொடரும் கூடவே வரணும். எருமை பேர், மந்து (தோடர் குடியிருப்பு) பேர், ஓடை பேர், குன்று பேர் எல்லாம் இந்த ஜோடியிலதான் வரும். இத்தனை கட்டுப்பாட்டுக்குள்ள நின்னு, ஒரு சாவு வீட்டுலயோ கல்யாணத்துலயோ அப்பவே புதுசா பாட்டு கட்டிப் பாடுவாங்க. எம். பி. எமனோ என்ற மொழியியலாளர் 1930களோட நடுவுல நீலகிரியில தங்கி கேட்டு எழுதினதுதான் பின்னாடி 1971-ல பெரிய தொகுப்பா வந்துச்சு.

ஆக இந்த மாதிரி நூலகத்துல புத்தகம் ஒரு ஓரம்தான். டேப், கேசட், போட்டோ, நெகடிவ், ஊர்ப் பெயர் பட்டியல், கையால வரைஞ்ச காட்டு வரைபடம், பூத்குளி (தோடர் போர்த்திக்கிற சால்வை) எம்பிராய்டரி மாதிரிகள், குறும்பர் ஓவியம், வம்சாவளி, கூடவே "இதைச் சொன்னது யார், யார் முன்னாடி சொன்னாங்க"ங்கிற குறிப்பு, இவ்வளவும் சேர்ந்ததுதான் சேகரம். அந்தக் கடைசிக் குறிப்பு பத்தி கீழே கேட்டலாக் கேள்வியில நிறைய சொல்லப் போறேன்.

பெங்களூர்ல இருந்து கிளம்பினா எங்க போய் பார்க்கலாம்? ஒரு ரூட் சொல்லுங்க

முக்கியமான இடம் தமிழ்நாடு அரசோட பழங்குடியினர் ஆய்வு மையம். ஊட்டியில இருந்து சுமார் 10 கிலோமீட்டர், முத்தோரை பாலாடாவுல. அருங்காட்சியகமும் நூலகமும் சேர்ந்தே இருக்கு. அருங்காட்சியகத்தைப் பார்க்கிறவங்க நூலகத்தை எட்டிக்கூட பார்க்காம கிளம்பிடறாங்க, அது எனக்கு வருத்தமான விஷயம். கோத்தகிரியில கீஸ்டோன் பவுண்டேஷன் பல வருஷமா பழங்குடி ஊர்களோட சேர்ந்து தேன், காடு, மொழின்னு வேலை பண்ணிட்டு இருக்காங்க. எங்க போறதா இருந்தாலும் முன்கூட்டியே போன் பண்ணி, எதைத் தேடி வர்றீங்கன்னு சொல்லிட்டு போங்க, அரசு அலுவலகம்னா சனி, ஞாயிறு திறந்திருக்கும்னு நினைச்சு கிளம்பிடாதீங்க.

வழியில மைசூர் வருதே, அதை யாரும் கணக்குல எடுக்கிறதே இல்ல. 1969-ல தொடங்கின இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் அங்கதான் இருக்கு. 10,000 பேருக்கும் குறைவா பேசுற மொழிகளைப் பதிவு பண்ற மத்திய அரசு திட்டம் 2013-ல இருந்து அவங்க பொறுப்புலதான் நடக்குது. இந்திய மானிடவியல் ஆய்வகத்தோட தென் மண்டல மையமும் மைசூர்தான். ஒரு நாள் மைசூர்ல தங்கிட்டு காலையில கிளம்புங்க, ஏன்னா பந்திப்பூர் ரோடு ராத்திரி 9-ல இருந்து காலை 6 வரைக்கும் மூடியிருக்கும். 2024 மே-ல இருந்து நீலகிரிக்கு இ-பாஸும் கொண்டு வந்தாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி அதையும் பார்த்துக்கோங்க.

ஊட்டி டவுன்ல சிவப்பு பில்டிங்ல பழைய நீலகிரி லைப்ரரி இருக்கே, அது இதுக்குத்தானே?

அது வேற. 1859-ல ஆங்கிலேயர் காலத்துல உறுப்பினர்களுக்காக ஆரம்பிச்ச நூலகம், கட்டிடத்தை வடிவமைச்சவர் மெட்ராஸ்ல பல பெரிய கட்டிடங்கள் கட்டின சிஷோம். மலையைப் பத்தி பழைய ஆங்கிலப் புத்தகம் தேடுறவங்களுக்கு அது நல்ல இடம். ஆனா மலைவாழ் மக்கள் தங்களோடதுன்னு நினைக்கிற சேகரமா அது உருவாகல.

லீவு கிடைக்காது, பெங்களூர்லயே இருந்து படிக்க வழி இருக்கா?

நிறையவே இருக்கு. பழைய புத்தகங்கள் பலதும் காப்புரிமைக் காலம் முடிஞ்சு இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இலவசமா கிடைக்குது. நீலகிரியோட முதல் கமிஷனரா இருந்த பிரீக்ஸ் எழுதி 1873-ல வந்த புத்தகம், மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-ல தோடர் பத்தி எழுதினது, தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் சேர்ந்து தென்னிந்திய சாதிகள், பழங்குடிகள் பத்தி 1909-ல ஏழு தொகுதியா போட்டது, இதெல்லாம் போன்லயே படிக்கலாம். இருளர் மொழி பத்தி செக் மொழியியலாளர் கமில் சுவெலபில் எழுதின புத்தகங்களைப் பெரிய பல்கலைக்கழக நூலகங்கள்ல கேட்டுப் பாருங்க.

எதுல ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, எமனோவோட கோத்தர் கதைத் தொகுப்புல ஆரம்பிங்கன்னுதான் நான் சொல்வேன். 1944-ல இருந்து 46 வரைக்கும் நாலு பகுதியா வந்துச்சு. ஒரு மனுஷன் உட்கார்ந்து கதை சொல்ற குரல் அதுல அப்படியே கேட்கும். ரிவர்ஸ்ல ஆரம்பிச்சா அட்டவணையிலயும் உறவுமுறைப் படத்துலயும் மாட்டிக்கிட்டு பத்தாவது பக்கத்துல மூடி வச்சிடுவீங்க.

அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க எழுதினதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

எழுதினவர் யார்கிட்ட கேட்டாருன்னு பார்த்துப் படிச்சா பயன் இருக்கு. தோடரைப் பத்தி எழுத்துல வந்த முதல் குறிப்பு 1603-ல, ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் எழுதினது. மலையில கிறிஸ்தவர்கள் இருக்காங்களான்னு தேடி வந்தவர் அவர், அதனால அவர் கண்ணுக்கு அது சம்பந்தப்பட்டதுதான் பட்டிருக்கு. தர்ஸ்டன் மனுஷங்க மூக்கையும் மண்டையையும் கருவி வச்சு அளந்தவர், அந்த அளவெல்லாம் இன்னிக்கு யாருக்கும் பிரயோஜனம் இல்ல, ஆனா அதே புத்தகத்துல சடங்குகளை நேர்ல பார்த்து எழுதின பகுதிகளும் இருக்கு.

நான் மேல சொன்ன கோத்தர் கதைகள் விஷயத்துலயும் ஒண்ணு கவனிக்கணும். அந்தக் கதைகள் எல்லாத்தையும் சொன்னது சுள்ளி என்ற ஒரே ஆள். ஆங்கிலம் படிச்சவர், நல்ல கதைசொல்லி, தன் சமூகத்துல சில பழக்கங்களை மாத்தணும்னு போராடினவர், அதனால ஊருக்குள்ள எதிர்ப்பும் இருந்துச்சு. அதே காலத்துல அங்க ஆராய்ச்சி பண்ண மானிடவியலாளர் மாண்டெல்பாமும் பெரும்பாலும் அவரைத்தான் நம்பியிருந்தார். அப்போ "கோத்தர் இப்படிச் சொல்றாங்க"ன்னு உலகம் முழுக்க மேற்கோள் காட்டுறது பல இடத்துல "சுள்ளி இப்படிச் சொன்னார்"ங்கிறதுதான். எதிர்த் தரப்பு பெரியவங்க என்ன சொல்லியிருப்பாங்க, பெண்கள் எப்படிச் சொல்லியிருப்பாங்க, அது புத்தகத்துல இல்ல. ஊர்ல உள்ளவங்களோட சேர்ந்து உட்கார்ந்து படிச்சா "இது எங்க வீட்டுல வேற மாதிரி சொல்வாங்க"ன்னு பேச்சு வரும், அந்தப் பேச்சையும் பதிஞ்சு பக்கத்துலயே வைக்கிறதுதான் நல்ல நூலகத்தோட வேலை.

கேட்டலாக்னா ஒரு லிஸ்ட் தானே சார், அதுல என்ன பெரிய விஷயம் இருக்கு?

என் தொழில்ங்கிறதால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கோங்க. எங்க போனாலும் பழைய பதிவுகள்ல இப்படி ஒரு வரி பார்க்கலாம்: "பழங்குடிப் பெண், பாட்டு, நீலகிரி". அவ்வளவுதான். பதிவு பண்ணினவர் பேர் முழுசா இருக்கும், அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகம் இருக்கும், மிஷினோட மாடல் நம்பர்கூட இருக்கும், பாடின அம்மா பேர் மட்டும் இருக்காது. அந்த அம்மாவோட பேத்தி நாளைக்கு வந்து "எங்க ஆயா பாடினது இருக்கா"ன்னு கேட்டா எதை வச்சுத் தேடிக் குடுப்பீங்க?

அதே டேப்புக்கு சரியான பதிவு எழுதினா எப்படி இருக்கும்னு பாருங்க. பாடினவர் பேர், ஊர்ல அவங்களை எப்படிக் கூப்பிடுவாங்க, எந்தக் குலம், எந்த மந்து அல்லது ஊர். மொழி இருளர் பேசுற இருளாவா, குறும்பர் பேசுற ஆலு குறும்பாவா. பாட்டு எதுக்குப் பாடுறது, விதைக்கிறப்பவா, தேன் எடுக்கப் போறப்பவா, சாவுக்கா. பாடும்போது கூட இருந்தவங்க யார். யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது, அதைச் சொன்னது யார், எந்தத் தேதியில. பாட்டுல வர்ற ஊர், ஓடை, பாறைப் பேர்கள். பின்னாடி நடுவுல நாய் குரைக்குதுன்னா அதையும் எழுதுவேன், ஏன்னா அது வீட்டு வாசல்ல பதிஞ்சதா ஸ்டூடியோல பதிஞ்சதான்னு பின்னாடி வர்றவங்களுக்கு அதுல இருந்து தெரியும்.

எந்த வகைப்பாட்டு எண்ணுல வைக்கிறதுங்கிறதும் சின்ன விஷயம் இல்ல. நூலகங்கள்ல புத்தகத்துக்கு விஷயவாரியா எண் போடுற டூயி முறையில இதெல்லாம் 398-ல, அதாவது நாட்டார் கதை வழக்காறுல போய் விழுந்திடும். ஆனா ஒரு பாட்டுல குலத்தோட எல்லை இருக்கு, மேய்ச்சல் வழி இருக்கு. 2006 வன உரிமைச் சட்டத்தோட விதிகள்ல உரிமை கோர்றதுக்கான சான்றுகள்ல பெரியவங்க வாய்மொழியா சொன்னதை எழுதி வாங்கினதும் ஒண்ணு. அப்போ ஊர்ப் பேரும் ஓடைப் பேரும் வர்ற ஒரு டேப் கிராம சபைக்கு ஆதாரம் திரட்ட உதவும், அதைப் போய் "கதை"ன்னு அடுக்கி வச்சா தேவைப்படும்போது யார் கண்ணுலயும் படாது. கனடாவுல பிரையன் டீர் என்ற மோஹாக் பழங்குடி நூலகர் 1970கள்ல தன்னோட மக்கள் உலகத்தை எப்படிப் பார்க்கிறாங்களோ அதை வச்சே ஒரு வகைப்பாட்டு முறை உருவாக்கினார், இன்னிக்கும் அங்க சில நூலகங்கள்ல அது நடைமுறையில இருக்கு. நீலகிரிக்கும் அப்படி ஒண்ணு வரணும், அதை அங்க உள்ள இளைஞர்களே உட்கார்ந்து போடணும்ங்கிறது என் ஆசை.

எல்லாத்தையும் யூட்யூப்ல போட்டா உலகமே பார்க்குமே, எதுக்கு இவ்வளவு சிரமம்?

போடலாம்னு அவங்க சொல்றதை தாராளமா போடலாம். அட்டப்பாடி நஞ்சியம்மா இருளர் மொழியில பாடி 2022-ல அறிவிச்ச தேசிய விருதுல சிறந்த பின்னணிப் பாடகியா வந்தப்போ எவ்வளவு சந்தோஷப்பட்டோம். அது அவங்களே முன்வந்து பாடினது, விஷயம் அங்கதான் இருக்கு.

எல்லாப் பாட்டும் அப்படி இல்ல. கோத்தர்கிட்ட கோல்னு ஒரு ஊதுகருவி, கொப்னு வளைஞ்ச கொம்பு, தபட்க்னு ஒரு பறை. கோல்ல வாசிக்கிற மெட்டுகள்ல சாமிக்கானது வேற, சாவுக்கானது வேற. சாவுச் சடங்கே அவங்களுக்கு ரெண்டு தடவை, உடனே நடக்கிறது பச்சை சாவு, பின்னாடி சேர்த்து நடத்துறது வறட்டு சாவு. சாவு மெட்டை வீட்டுல சும்மா உட்கார்ந்து வாசிக்கிறது ஆகாத காரியம். அந்த மெட்டு நல்ல ஆடியோவா இருக்கேன்னு ஒருத்தர் ரிங்டோனா வச்சு, அது ஊர்த் திருவிழா அன்னிக்கு அடிச்சா அவங்க மனசு என்ன பாடுபடும். தோடர்கிட்ட இறந்துபோன சொந்தக்காரங்க பேரை உச்சரிக்கிறதுக்குத் தயக்கம் இருந்ததா ரிவர்ஸ் எழுதியிருக்கார். ஆஸ்திரேலியாவுல கான்பெராவுல இருக்க பழங்குடி ஆய்வு நிறுவனத்துல, இறந்தவங்க குரலோ படமோ வரப்போகுதுன்னா முன்கூட்டியே அறிவிப்பு போடுறது வழக்கம்.

அதனால ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி அனுமதி வைக்கணும்: எல்லாருக்கும், சமூகத்துக்கு மட்டும், குடும்பத்துக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துல மட்டும். இதுக்குன்னே முக்குர்ட்டுன்னு இலவச மென்பொருள் ஒண்ணு இருக்கு, ஆஸ்திரேலியாவுல டெனன்ட் க்ரீக் பகுதி வாருமுங்கு மக்களோட சேர்ந்து அவங்க வழக்கத்துக்குத் தக்க மாதிரி உருவானது. நம்ம ஊர்லயும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

ரங்கநாதன் "புத்தகம் பயன்படுத்தத்தான்"னு சொன்னாரே, நீங்க பூட்டி வைக்கச் சொல்றீங்களே?

நல்ல கேள்வி, ஒரு ரிட்டயர்டு நூலகர் என்கிட்ட கோபமாவே கேட்டது. சீர்காழியில பிறந்த நூலக அறிவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல எழுதின அஞ்சு விதிகள்ல முதல் விதி அது. அவர் கடைசிக் காலத்தை பெங்களூர்லதான் கழிச்சார், 1962-ல இங்க ஆவண ஆராய்ச்சி பயிற்சி மையத்தை ஆரம்பிச்சவரும் அவர்தான், 1972-ல இதே ஊர்லதான் காலமானார். அவர் விதியை ரெண்டாவது விதியோட சேர்த்துப் படிக்கணும், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம்னு சொன்னார்.

இந்தப் பதிவுகளுக்கு முதல் வாசகர் யாரு? முத்தநாடு மந்துல இருக்க பொண்ணு, நீலகிரியிலயே கொல்லிமலைங்கிற கோத்தர் ஊர்ல கோல் கத்துக்கிற பையன். நூறு வருஷத்துக்கு மேல இவங்க பாட்டன் முப்பாட்டன் குரல் லண்டன்ல இருக்க, இவங்களுக்கு அது இருக்குன்னே தெரியாம போச்சு. பூட்டு போட்டிருந்தது இவங்களுக்குத்தான். அந்தப் பூட்டைத் திறக்கிறதுதான் முதல் வேலை, பெங்களூர்ல இருக்க நமக்கு ஆர்வம் இருக்குங்கிறதால நமக்கு முன்வரிசை கேட்க முடியாது. அவங்க கேட்டு, இது பொதுவா வைக்கலாம்னு சொன்ன பிறகு நாமளும் கேட்போம்.

லண்டன்ல இருக்கறத திரும்ப வாங்க முடியாதா?

ரிவர்ஸ் போனோகிராஃப்ல மெழுகு உருளையில பதிஞ்ச தோடர் பாட்டுகள் பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு. பிரீக்ஸ் நீலகிரி கல்லறை மேடுகளைத் தோண்டி எடுத்த வெண்கலக் கிண்ணம், நகை எல்லாம் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. பொருளைத் திரும்பக் கேட்கிறது அரசாங்க அளவுல நடக்க வேண்டிய நீண்ட வேலை, அது நடக்கணும். ஒலிப்பதிவுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்ல, நகல் எழுதிக் கேட்டு வாங்கலாம், பல நிறுவனங்கள் இப்போ சமூகத்துக்கு நகல் தர்றதுக்குத் தயாரா இருக்காங்க. இந்தியாவுலயே 1982-ல ஆரம்பிச்ச இன இசையியல் ஆவணக் காப்பகம் இப்போ குருகிராம்ல இருக்கு, வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் இங்க பதிஞ்சதோட ஒரு நகல் இந்தியாவுல இருக்கணும்ங்கிறது அது உருவானதுக்கு முக்கியக் காரணம்.

கேட்டு எழுதும்போது ஒரு தனி ஆளா எழுதாதீங்க. சமூகத்தோட சங்கமோ ஊர்ப் பெரியவங்களோ கையெழுத்துப் போட்ட கடிதமா போகணும். நம்ம வீட்டுக் கல்யாண ஆல்பத்தை முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் போய் ஸ்டூடியோல வாங்கிட்டு வந்தா நமக்கு எப்படி இருக்கும், அதேதான். நகல் வந்ததும் ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டு வந்தா போதாது, ஊர்ல எல்லாரும் சேர்ந்து கேட்கிற மாதிரி ஸ்பீக்கர் வச்சு, பெரியவங்க பக்கத்துல ஒருத்தர் நோட்டோட உட்காரணும்.

பாட்டை ரெக்கார்ட் பண்ணினவருக்குத்தானே காப்பிரைட்? சட்டப்படி யாரைக் கேட்கணும்?

1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவோட உரிமை அதைத் தயாரிச்சவருக்கு, வெளியிட்டதுல இருந்து 60 வருஷம். பாடினவருக்கும் நிகழ்த்துநர் உரிமைன்னு தனியா இருக்கு, அது 50 வருஷம். 2012 திருத்தத்துல பாடினவர் தன் பேரைப் போடச் சொல்லிக் கேட்கிற உரிமையும் வந்துச்சு. தலைமுறை தலைமுறையா வர்ற பாட்டு, யார் கட்டினதுன்னே தெரியாத பாட்டு, அதுக்கு சமூகம்ங்கிற உரிமையாளரை இந்தச் சட்டம் பார்க்கவே இல்ல. தோடர் எம்பிராய்டரிக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சது, ஆனா அது கைவினைப் பொருளுக்கு, பாட்டுக்கு அது ஒத்துவராது.

ஆக சட்டம் ரெக்கார்ட் பண்ணினவரைக் கேட்டா போதும்னு சொன்னாலும் ஊரைக் கேட்காம செய்யாதீங்க. மேல யூட்யூப் கேள்வியில சொன்ன அனுமதி வகைகள் இதுக்காகத்தான்.

தமிழ் எழுத்துலயே எழுதி வச்சா போதாதா? எல்லாருக்கும் தமிழ் தெரியுமே

பள்ளிக்கூடத்துல தமிழ் படிச்ச பிள்ளைங்களுக்கு அது கைக்கு வசதிதான், ஆனா தோடா மொழியில மூணு விதமான ரகர ஒலி இருக்கு, மூணும் அர்த்தத்தை மாத்தும். குரல் இல்லாம காத்து மட்டும் சீறி வர்ற லகரம் இருக்கு. நம்மகிட்ட இருக்க ர, ற, ல, ள வச்சு எழுதினா அங்க தாத்தா சொன்ன வார்த்தையை பேத்தி வேற வார்த்தையா படிச்சுடுவா. தமிழ் எழுத்தோட சில புள்ளி, கோடு சேர்த்து எழுதலாம், எந்தப் புள்ளி எங்கங்கிறதை மொழி பேசுறவங்க முடிவு பண்ணணும். எழுத்து எதுவா இருந்தாலும் ஒலிப்பதிவைத் தூக்கிப் போடாதீங்க, அதுதான் மூலம்.

நீங்க படுகர் பத்தி ஏன் ஒண்ணுமே சொல்லல? என் ஃப்ரெண்ட் கோவிச்சுக்கிட்டான்

அவர் கோபம் நியாயம். அரசுப் பட்டியல்ல படுகர் இப்போ பழங்குடியா இல்ல, சேர்க்கணும்னு கோரிக்கை ரொம்ப வருஷமா இருக்கு. முதல் கேள்வியில பட்டியலை மட்டும் வச்சு சொன்னதால அவங்க வரல. ஆனா பதிவுகள்னு வந்தா அவங்களை விட்டுட்டு யாரைப் பத்தியும் எழுத முடியாது. படுகர் வீட்டுச் சாவுக்கு கோத்தர் இசை, படுகர் வயல்ல குறும்பர் சடங்கு, தோடர் நெய், படுகர் தானியம், கோத்தர் அரிவாள்னு ஒருத்தர் வாழ்க்கைக்குள்ள இன்னொருத்தர் இருந்திருக்காங்க. ஒரு நல்ல கேட்டலாக்ல ஒரே நிகழ்ச்சியை இந்த எல்லாப் பக்கத்துல இருந்தும் தேட முடியணும்.

கர்நாடகாவுல இருந்துக்கிட்டு தமிழ்நாட்டு மலையைப் பத்தியே பேசுறீங்களே, இங்க யாரும் இல்லையா?

இருக்காங்க. பிளிகிரி ரங்கன மலையில சோலிகர், நாகரஹொளே பக்கம் ஜேனு குருபர். 2011-ல சோலிகருக்கு புலிகள் காப்பகத்துக்குள்ளயே சமூக வன உரிமை கிடைச்சது, அதுக்கு முன்னாடி அவங்க காட்டுல எந்த இடத்துக்கு என்ன பேர், எங்க சாமி, எங்க மூதாதையர் கல்லுன்னு வரைபடம் போட்டு வச்சிருந்தாங்க. நான் மேல ஊர்ப் பேரு, ஓடைப் பேருன்னு திரும்பத் திரும்ப சொல்றதுக்கு இது ஒரு காரணம். கன்னடம் நல்லா பேச வர்றவங்க அங்க போய் உதவினா ரொம்ப நல்லது.

நான் ஐடில இருக்கேன், ஏஐ மாடல் ட்ரெயின் பண்ணி எல்லாத்தையும் டிரான்ஸ்க்ரைப் பண்ணிடலாமே?

ஆர்வத்துக்கு நன்றி, நிஜமாவே உங்களை மாதிரி ஆளுங்க வேணும். ஆனா மாடலுக்குக் குடுக்கிறதும் ஒரு விதத்துல வெளியிடுறதுதான், அதுக்கும் அனுமதி தனியா கேட்கணும், பாட்டைக் கேட்க அனுமதி குடுத்தவங்க இதுக்கும் குடுத்ததா நினைக்கக்கூடாது. இப்போதைக்கு உடனே உதவுறது வேற: பேக்கப் சரியா ஓடுதான்னு பார்க்கிறது, போன்ல தோடா, இருளா எழுத கீபோர்ட் பண்ணித் தர்றது, நெட் இல்லாத ஊர்லயும் வேலை செய்யுற சின்ன சர்வர் வச்சுத் தர்றது. அதைப் பார்த்துக்கிறதுக்கு அங்க ஒரு பையனையோ பொண்ணையோ பழக்கி, சம்பளத்துக்கும் வழி பண்ணிட்டு வாங்க.

பரண்ல பூசணம் பிடிச்ச கேசட் இருக்கு, போட்டுக் கேட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். பூசணத்தோட ஓட்டினா ப்ளேயர் ஹெட்டும் கெடும், அடுத்து போடுற கேசட்டுக்கும் பரவும். மத்ததுல இருந்து பிரிச்சு தனிக் கவர்ல போட்டு, ஈரம் இல்லாத இடத்துல வைங்க, வெயில்ல காய வைக்காதீங்க, ஃப்ரிட்ஜ்லயும் வைக்காதீங்க. தொடும்போது மாஸ்க் போட்டுக்கோங்க. எஸ்.பி. ரோட்டுல தேடினா இன்னும் ரிப்பேர் பண்ண டெக் கிடைக்கும், ஆனா பூசணம் சுத்தம் பண்றதை அனுபவம் உள்ளவங்ககிட்ட விடுங்க.

டிஜிட்டல் ஆக்கும்போது எம்பி3 வேண்டாம், 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலா எடுங்க, உலக ஒலிக் காப்பகச் சங்கம் சொல்ற அளவு அது. மூணு நகல், ரெண்டு விதமான மீடியா, ஒண்ணு வேற ஊர்ல. நீலகிரி பனிக்கும் மழைக்கும் ஒரே அலமாரியை நம்பக்கூடாது. ஃபைல் எடுத்த பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீங்க, அட்டையில கையால எழுதியிருக்க ஒரு பேருதான் சில சமயம் நமக்கு இருக்க ஒரே துப்பு.

எங்க தாத்தா கூடலூர் பக்கம் எஸ்டேட்ல இருந்தார், பழைய நெகடிவ் ஒரு டப்பா இருக்கு, அதுல பணியர் ஆளுங்க நிறைய இருக்காங்க. அதை என்ன பண்றது?

இப்படி ஒரு டப்பா பெங்களூர்ல நிறைய தமிழ் வீட்டுல இருக்கும்னு நினைக்கிறேன், எஸ்டேட்ல இருந்து, ஊட்டி பிலிம் பாக்டரியில இருந்து இங்க வந்து செட்டில் ஆன குடும்பங்கள் எத்தனையோ. முதல்ல திறந்து மோந்து பாருங்க. வினிகர் வாடை அடிச்சா அந்த நெகடிவ் கெட ஆரம்பிச்சாச்சு, அதை மத்ததுல இருந்து பிரிச்சு முதல்ல ஸ்கேன் பண்ணுங்க. பிளாஸ்டிக் உறையில இருந்து எடுத்து காகித உறைக்கு மாத்துங்க, உறை மேல பென்சிலால மட்டும் எழுதுங்க, நெகடிவ் வரிசையைக் கலைக்காதீங்க, ஒண்ணுல அடையாளம் தெரிஞ்சா பக்கத்துல உள்ளதுக்கும் அது உதவும்.

அடுத்து, பாட்டியோ பெரியப்பாவோ உயிரோட இருந்தா இந்த வாரமே கூட உட்கார்ந்து எந்த எஸ்டேட், எந்த லைன் வீடு, என்ன விசேஷம்னு கேட்டு போன்ல பதிஞ்சுக்கோங்க. பிரிண்ட் போட்டு கூடலூர் பக்கம் அந்த ஊருக்கே எடுத்துட்டுப் போங்க, கூடலூர்ல ஆதிவாசி முன்னேற்ற சங்கம் மாதிரி அவங்களே நடத்துற அமைப்பு இருக்கு, அவங்க வழியா போனா நல்லது. பிரிண்ட்டை அங்கயே குடுத்துடுங்க. யார் யாருன்னு அவங்க சொல்லச் சொல்ல பேரை அவங்க சொல்ற மாதிரியே எழுதுங்க. வேலை வாங்குற இடத்துல, கேட்காம எடுத்த போட்டோவும் அதுல இருக்கலாம், இதை வெளியில காட்ட வேண்டாம்னு சொன்னா அந்த நம்பருக்கு நேரா அதையும் எழுதிடுங்க. நூலகத்துக்குக் குடுக்கிற நாள்ல இந்தப் பேர்ப் பட்டியலும் இந்த நிபந்தனைகளும் டப்பாவோட ஒரே கடிதத்துல போகணும், அதோட ஒரு காப்பி ஊர்ல, ஒரு காப்பி உங்க வீட்டுல இருக்கட்டும்.